மலையிழந்த யானையும் கடல் காத்த திமிங்கிலமும்: மத்திய மலைநாட்டு விலங்கின வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நுவரெலியா நகரில், கொல்ப் மைதானத்தை அடுத்துள்ள பழைய இடுகாட்டிலே மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பவரின் கல்லறை உண்டு. இலங்கைத் துப்பாக்கிப் படைப்பிரிவில் அதிகாரியாகவும் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் கடமையாற்றிய அவர், 1845 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7 ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவரது கல்லறையையும் பின்னர் இடி தாக்கியது என்றும், அத்தனை யானைகளைக் கொன்றவருக்கு வானம் அளித்த தண்டனை அது என்றும் மலைநாட்டு மக்கள் கூறிவந்துள்ளனர். றொஜர்ஸ் சுட்டுக்கொன்ற யானைகளின் தொகை 1,400 க்கு மேற்பட்டது எனச் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1859 இல் வெளியிட்ட தமது இலங்கை பற்றிய நூலில் குறிப்பிடுகின்றார். கப்ரன் கால்வே அதிற் பாதியளவு கொன்றார் என்றும், வீதிகள் அமைத்துப் புகழ்பெற்ற மேஜர் ஸ்கின்னரும் அவருக்குச் சளைத்தவரல்லர் என்றும் அதே நூல் கூறும்.

இவ்வெண்ணிக்கைகளை ஒருசிலரின் வேட்டை வெறி என்று மட்டும் கொண்டு அமைதல் வரலாற்று நோக்காகாது. ஒரு பேருயிர் தன் வாழ்நிலத்தை விட்டு எவ்வாறு நீங்கியது, நீங்கியபின் மீளாதது ஏன் என்னும் வினாக்களே ஈண்டு ஆராயத்தக்கவை. அதே நூற்றாண்டில் உலகின் கடல்களெங்கும் வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்பை அடைந்த திமிங்கிலங்களுட் சில இனங்கள் இன்று மீண்டு பெருகி வருகின்றன. கடலில் நிகழ்ந்தது மலையில் நிகழாமைக்குரிய காரணத்தை அறிதற்கு இவ்விரு வரலாறுகளையும் ஒப்புநோக்குதல் பயன்தரும்.

கண்டி இராச்சியத்தில் யானை அரசனுக்குரிய உடைமை. அரச ஆணையின்றி அதனைக் கொல்லுதல் கடுந்தண்டனைக்குரிய குற்றமாகக் கருதப்பட்டது. யானை பிடித்தலும் பழக்குதலும் தனித்த சேவைக்குழுக்களின் கடமைகளாயிருந்தன. கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யானையை ஏற்றுமதிப் பண்டமாகவே மதித்தனர். வன்னியிற் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசென்ற வழியின் நினைவை ஆனையிறவு என்னும் பெயர் இன்றும் தாங்கி நிற்கின்றது. ஆகவே யானை அக்காலத்தில் துன்புறாதிருந்தது என்று கூறுவதற்கில்லை. எனினும், உயிரோடுள்ள யானைக்கே விலையுண்டு என்ற நிலை நிலவியமையால், அதனைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லுதற்கு எவருக்கும் ஏது இருக்கவில்லை.

1815 இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. அரசனது உரிமை மறைந்ததோடு யானைக்கிருந்த காவலும் மறைந்தது. அதுமட்டுமன்றி, பயிருக்குத் தீங்கு செய்யும் பிராணியாக அதனைக் கருதி, கொல்லப்படும் ஒவ்வொரு யானைக்கும் சில சிலிங்குகளை அரசாங்கமே வெகுமதியாக வழங்கிற்று. 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்றும், 1851 க்கும் 1856 க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கு வெகுமதி வழங்கப்பட்டது என்றும் ரெனன்ற் தரும் புள்ளிவிபரங்கள் அக்கொலையின் பரிமாணத்தை உணர்த்தவல்லன.

இங்கு ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஆபிரிக்க யானை தந்தத்துக்காகக் கொல்லப்பட்டது. இலங்கை யானைகளிலோ நூற்றுக்கு ஒன்றுக்கேனும் கொம்பு இருப்பதில்லை என ரெனன்ற் எழுதினார். எனவே இங்கு நிகழ்ந்த வேட்டையிற் பெரும்பகுதி பொருளீட்டலை நோக்கியதன்று. கொன்ற யானையின் வாலை வெட்டி எடுத்துக்கொண்டு உடலை விட்டுச் செல்லுதல் வேட்டைக்காரரின் வழக்கமாயிருந்தது. திமிங்கில வேட்டையோ முற்றிலும் வாணிபத்தை நோக்கியது. ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் விளக்குகள் திமிங்கில எண்ணெயால் எரிந்தன. எந்திரங்கள் அதனால் இயங்கின. 1840 களின் நடுப்பகுதியில் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து மாத்திரம் எழுநூறுக்கு மேற்பட்ட திமிங்கில வேட்டைக் கப்பல்கள் கடலோடின. றொஜர்ஸ் மலைநாட்டில் யானைகளைச் சுட்ட காலமும் அதுவே. நோக்கம் வேறாயினும், எல்லையற்ற இயற்கை எவ்வளவு எடுத்தாலும் குறையாது என்ற எண்ணம் இரண்டுக்கும் பொதுவாயிருந்தது.

மலைநாட்டில் யானைகள் எங்ஙனம் வாழ்ந்தன என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நூல்களிலிருந்து ஓரளவு அறியலாம். இன்று யானை என்றதும் உலர்வலயத்துக் குளக்கரைகளே நினைவுக்கு வருகின்றன. ஆயின், அக்காலத்தில் 7,000 அடி உயரமுள்ள ஹோர்ட்டன் சமவெளியிலும், உறைபனி படியும் நுவரெலியாவைச் சூழ்ந்த காடுகளிலும் யானைகள் உலாவின. அவை வெப்பத்தை விரும்பும் விலங்குகள் என்ற பொதுநம்பிக்கையை மறுத்து, குளிர்ந்த மலையுச்சிகளை அவை நாடுவதை ரெனன்ற் எடுத்துக்காட்டுகின்றார். மலைமுகடுகளைக் கடந்து செல்லும் யானைத்தடங்கள் மிகப் பொருத்தமான சரிவுகளைப் பின்பற்றிச் சென்றமையால், வீதி அமைக்க வந்தோர் அத்தடங்களைக் கண்டு வியந்தனர். பருவத்துக்கேற்ப மலைக்கும் தாழ்நிலத்துக்கும் இடையே யானைகள் பெயர்ந்து வாழ்ந்தன என்பதற்கு அத்தடங்களே சான்றாகும்.

1848 இல் நுவரெலியாவிற் குடியேறி 1855 வரை அங்கு வாழ்ந்த சாமுவேல் பேக்கர், இம்மலைநாட்டு வேட்டை பற்றி இரு நூல்களை எழுதினார். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று பெயர்பெற்றவரும் இவரே. நுவரெலியாவில் ஆங்கிலப் பாணியிலான பண்ணை ஒன்றை நிறுவிய அவர், நிலத்தை உழுவதற்குப் பழக்கிய யானையைக் கலப்பையிற் பூட்டினார். காட்டிலே யானையைக் கொன்ற கைகளே வயலில் அதன் உழைப்பைப் பெற்றன. மரையை வேட்டைநாய்களால் துரத்திக் கத்தியாற் குத்திக் கொல்லுதல் அவருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அவருக்குப் பின்னும் தோட்டத்துரைமாரிடையே இவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. நுவரெலியாவை அடுத்த எல்க் பிளேன்ஸ் என்னும் இடப்பெயர், மரையை எல்க் என அழைத்த அவ்வேட்டைக்காரர் விட்டுச்சென்ற தடயமாகும்.

ஆயினும் மலைநாட்டு யானையின் வீழ்ச்சிக்குத் துப்பாக்கி மாத்திரம் காரணம் எனக் கொள்ளுதல் தவறாகும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் அரசுக்குரியனவாக்கிற்று. அவை மலிந்த விலைக்குத் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. கோப்பிச் செய்கை உச்சநிலையை அடைந்த 1870 களின் இறுதியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர் நிலம் அப்பயிரின் கீழ் இருந்தது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது காடு மீளவில்லை. அந்நிலத்திற் தேயிலை நாட்டப்பட்டது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை, நூற்றாண்டின் முடிவிற்குள் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரந்தது. 1884 இல் புகையிரதம் ஹற்றனை அடைந்தது. அடுத்த ஆண்டில் நானுஓயாவை எட்டியது. டிம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பள்ளத்தாக்குகள் தொடர்ச்சியான தோட்டங்களாயின.

வீதிகளைத் திறந்தமையும் கோப்பிக்காக மலைக்காடுகளை அழித்தமையும் யானைகளைத் தாழ்நிலத்துக்கு ஒதுங்கச் செய்தன என்றும், அங்கும் வேட்டைக்காரர் அவற்றைத் தொடர்ந்தனர் என்றும் ரெனன்ற் தம் காலத்திலேயே எழுதியிருந்தார். அவர் கண்டது தொடக்கம் மாத்திரமே. தேயிலை அதனை நிறைவு செய்தது. மேல்மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையிலிருந்த வழிகள் பச்சைக் கம்பளம்போல் விரிந்த தோட்டங்களால் அடைபட்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஹோர்ட்டன் சமவெளியில் யானை இல்லாதொழிந்தது. சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த வனத்தில் மாத்திரம் மிகச் சிறு எச்சமாக மலையானைகள் தங்கின.

இக்காடுகளை வெட்டிச் சாய்த்த கைகள் யாருடையவை என்னும் வினாவும் இங்கு எழுகின்றது. முதற்பெருங்காட்டு மரங்களை வீழ்த்தியதிற் கிராமத்துச் சிங்கள மக்களுக்கும் பங்குண்டு. நிலத்தைத் திருத்தி, நட்டு, பறித்து, சுமந்தவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வடபுலக் காட்டுப்பாதை வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகிலும் அவர்களைக் கொன்றன. யானையும் கரடியும் உலவிய அக்காட்டை அவர்கள் துப்பாக்கியுடன் கடந்தவரல்லர். மூட்டையையும் குழந்தையையும் சுமந்து கடந்தவர்கள். காட்டை அழிக்கும் முடிவு இலண்டனிலும் கொழும்பிலும் எடுக்கப்பட்டது. காடழிவின் பயனை அடைந்தவரும் அவர்களல்லர். மலைநாட்டுச் சூழல் வரலாற்றை எழுதுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

பாதுகாப்பு முயற்சிகள் தோன்றிய முறையும் நோக்கத்தக்கது. 1873 இல் சேர் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியல் அறிஞர், இலங்கையில் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்காது விடுதல் வேண்டுமென ஆலோசனை கூறினார். ஆறுகளின் நீரூற்றுகளையும் மண்ணையும் காப்பதே அதன் நோக்கம். விலங்குகளைக் காப்பது அன்று. 1891 இல் யானை, எருமை முதலியவற்றை வீணே கொல்லுதலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் உறுப்பினர் பலர் வேட்டைக்காரர்களே. வேட்டையாட விலங்கு எஞ்சவேண்டும் என்ற கவலையே அவர்களைப் பாதுகாவலராக்கிற்று. 1937 இல் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1949 இல் வனவிலங்குத் திணைக்களமும் தோன்றின. சிவனொளிபாத வனம் 1940 இல் சரணாலயமாயிற்று. ஹோர்ட்டன் சமவெளி 1969 இல் இயற்கை ஒதுக்கமாகவும் 1988 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் இவ்வனங்கள் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

கடலிலும் இதே போக்கைக் காணலாம். 1946 இல் கையொப்பமான சர்வதேச உடன்படிக்கையின் வழித் தோன்றிய திமிங்கில வேட்டை ஆணைக்குழு, வேட்டைத் தொழிலை ஒழுங்காக வளர்ப்பதையும் தன் நோக்கமாகக் கொண்டிருந்தது. வேட்டை நாடுகளே அதன் உறுப்பினர். அதற்குள் பேரழிவு நிகழ்ந்துவிட்டது. வெடியீட்டியும் நீராவிக் கப்பலும், பின்னர் கடலிலேயே உடலை அறுத்து எண்ணெய் எடுக்கும் ஆலைக் கப்பலும் வந்தபின், 1930–31 ஆம் ஆண்டுப் பருவத்தில் மாத்திரம் 29,000 க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் கொல்லப்பட்ட திமிங்கிலங்களின் தொகை ஏறத்தாழ 29 இலட்சம் என ஆய்வாளர் கணித்துள்ளனர். அந்தாட்டிக் கடலில் இரண்டு இலட்சத்துக்கு மேலிருந்த நீலத் திமிங்கிலங்கள் 1970 களின் தொடக்கத்திற் சில நூறாகச் சுருங்கின. இலங்கையைச் சூழ்ந்த கடலும் தப்பவில்லை. 1960 களின் நடுப்பகுதியிற் சோவியத் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் 1,200 க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களை மறைவாகக் கொன்றமை, அவ்வாட்சி வீழ்ந்தபின் வெளியான ஆவணங்களால் தெரியவந்தது.

1979 இல் சிறிய தீவு நாடாகிய சீசெல்சின் முன்மொழிவால் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாயிற்று. 1982 இல் வாணிப வேட்டையை நிறுத்தும் தீர்மானம் நிறைவேறி 1986 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பயன் படிப்படியாகத் தெரிந்தது. தென் அத்திலாந்திக்கின் மேற்குப் பகுதியில், 1950 களில் ஏறத்தாழ 450 ஆகக் குறைந்திருந்த கூனற் திமிங்கிலங்கள் இன்று 25,000 அளவுக்குப் பெருகி, வேட்டைக்கு முந்திய நிலையை அண்மித்துள்ளன. அந்தாட்டிக் நீலத் திமிங்கிலம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழு எட்டு வீதம் பெருகி, 1990 களின் இறுதியில் ஏறத்தாழ 2,300 ஆயிற்று. எனினும் பழைய தொகையோடு ஒப்பிட இது நூற்றில் ஒரு பங்கேயாகும். 1980 களின் தொடக்கத்தில் திருகோணமலைக் கடலில் ரியூலிப் என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர், கரைக்கு அண்மையிலேயே நீலத் திமிங்கிலங்களையும் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் கண்டு பதிவுசெய்தனர். ஒருவரும் எண்ணிப் பார்த்திராத செல்வம் இத்தீவின் கடலில் எஞ்சியிருந்தது.

திமிங்கிலம் மீள்கிறது, மலையானை மீளவில்லை. இதற்கு இனப்பெருக்க வேகத்தைக் காரணமாகக் காட்டலாம். யானையின் கருப்பகாலம் ஏறத்தாழ 22 மாதங்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு கன்றே ஈனும். கூனற் திமிங்கிலம் பதினொரு மாதங்கள் சுமந்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு கன்றை ஈனும். இவ்வேறுபாடு உண்மையே. எனினும் அது முழு விளக்கமாகாது. ஏனெனில், இலங்கையின் தாழ்நிலத்தில் யானை முற்றாக அழியவில்லை. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 5,879 யானைகளைப் பதிவு செய்தது. அவ்வெண்ணிக்கையிலிருந்து மலைக்கு ஏறிவர ஒரு கூட்டமும் இல்லையென்றால், குறைவு யானையில் அன்று, வழியிலேயே உள்ளது.

இவ்வுண்மையை மரையின் வரலாறு உறுதிப்படுத்துகின்றது. பேக்கரின் நாய்களும் அவருக்குப் பின்வந்தோரின் நாய்களும் யானையைவிடத் தொடர்ச்சியாக வேட்டையாடிய விலங்கு மரையே. ஆயினும் ஹோர்ட்டன் சமவெளியில் இன்று மரைகள் பெருங்கூட்டமாக மேய்கின்றன. ஒருகாலத்தில் வேட்டைக்காரர் தங்கிய ஃபார் விடுதி இன்று பார்வையாளர் நிலையமாக விளங்க, அதன் முற்றத்துக்கே மரைகள் வந்து நிற்கின்றன. புற்றரைக்கும் அதனைச் சூழ்ந்த குறுமரக் காட்டுக்கும் மேலாக மரைக்கு வேறிடம் தேவைப்படவில்லை; அவ்விடம் 5,000 அடிக்கு மேலிருந்தமையால் எஞ்சியது. ஓரிடத்தில் நிலைத்து வாழும் மரைக்கு உச்சி போதும். பெயர்ந்து வாழும் யானைக்கு உச்சியும் அடிவாரமும் இரண்டையும் இணைக்கும் தடமும் வேண்டும். திமிங்கிலத்தின் தடம் கடல். அதில் எவரும் தேயிலை நடவில்லை. வேட்டை நின்றதும் அதன் வீடு வெறுமையாகக் காத்திருந்தது. யானையின் வீட்டிலோ வேட்டை நிற்குமுன்னரே வேறொன்று குடிபுகுந்துவிட்டது.

எனவே ஓர் உயிரினம் மீள்வதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும் என இவ்வரலாறு காட்டுகின்றது. விதையாக ஒரு சிறு கூட்டமாவது எஞ்சவேண்டும், கொலை நிற்கவேண்டும், திரும்பிவர இடம் இருக்கவேண்டும். திமிங்கிலத்துக்கு இம்மூன்றும் அமைந்தன. இப்பொழுது தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே செறிந்து செல்லும் பெருங்கப்பல்கள் நீலத் திமிங்கிலங்களை மோதிக் கொல்லுவதால், கடலும் மெல்ல மெல்ல வீதியாக மாறுகின்றதோ என்ற ஐயம் எழுகின்றது. மலைக்கு நேர்ந்தது கடலுக்கு நேராமலிருக்க இது ஓர் எச்சரிக்கையாகும்.

மலைநாட்டில் இன்று அதே வினா சிறுத்தையின் வடிவில் எழுந்துள்ளது. ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளின் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய காட்டுத்துண்டுகளிலும் தேயிலைச் செடிகளின் நிழலிலும் சிறுத்தைகள் வாழ்கின்றன. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக்கண்ணிகளிற் சிக்கி அவை இறக்கின்றன. 2020 ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியிற் கண்ணியில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சில நாட்களில் இறந்தது. அச்செய்தி நாடெங்கும் வருத்தத்தை உண்டாக்கியது. கண்ணி வைத்தவரைச் சட்டம் தண்டிக்க முற்படுவது முறையே. ஆயின், லயத்துக்குப் பின்னாலுள்ள சிறு மரக்கறித் தோட்டத்தைப் பன்றியிடமிருந்து காக்க வேறு வழியற்ற தொழிலாளியையும், வெகுமதி பெற்று யானையைச் சுட்ட துரையையும் ஒரே தட்டில் நிறுத்துதல் நீதியாகாது. இருநூறு ஆண்டுகளாக அம்மலையைச் செழிக்கச் செய்தும், 1948 இற் குடியுரிமையை இழந்தும், இன்றளவும் சொந்தக் காணிக்காகக் காத்திருப்பவர்கள் அம்மக்கள்.

இவ்விடத்திலேயே மலைநாட்டின் எதிர்காலம் தங்கியுள்ளது. எஞ்சிய காட்டைத் தொழிலாளருக்குப் பகிர்ந்தால் விலங்குக்கு இடமில்லை; காட்டைக் காக்கிறோம் என்று தொழிலாளருக்குக் காணி மறுத்தால் மனிதருக்கு நீதியில்லை. இவ்வாறு இரு வறியவரை ஒருவரோடொருவர் மோதவிடும் வாதம் மூன்றாமவரை மறைத்துவிடுகின்றது. மலையின் பெரும்பரப்பு காட்டிடமும் இல்லை, தொழிலாளரிடமும் இல்லை, தோட்டத்திடம் உண்டு. பராமரிப்பின்றிக் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களும் அதனுள் அடங்கும். அவற்றிலிருந்து குடியிருப்புக்கும் பயிருக்கும் காணி வழங்குதலும், நீரோடைக் கரைகளையும் முகடுகளையும் மீண்டும் மரஞ்செறிந்த தடங்களாக்குதலும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

யானை மீண்டும் ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறிவரும் என்று எவரும் உறுதி கூறமுடியாது. ஆயின் சிவனொளிபாத வனத்தின் சரிவுகளில் எஞ்சியுள்ள சிறு கூட்டமும், காட்டுத்துண்டுகளில் ஒதுங்கியுள்ள சிறுத்தைகளும் முதலாம் நிபந்தனை இன்னும் முற்றாக அழியவில்லை என்பதைக் காட்டுகின்றன. இரண்டாவதைச் சட்டம் ஓரளவு ஏற்படுத்தியுள்ளது. மூன்றாவதாகிய இடத்தை அளிப்பதோ மறுப்பதோ இன்றைய தலைமுறையின் கையிலுள்ளது. நுவரெலியாக் கல்லறையை இடி தாக்கியதென்று சொல்லி அமைதியடைந்தவர்கள், தண்டனையை வானத்திடம் விட்டுவிட்டனர். பரிகாரம் வானத்திலிருந்து வருவதில்லை. அது மண்ணிற் செய்யப்படவேண்டியது.